பெயர் தொலைந்த பாட்டுக்குப் பெயர் தேடும் கருவி

பழைய திரைப்படப் பாடல்கள் நிரப்பிய பென் டிரைவ் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதைக் கணிப்பொறியில் செருகி, உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ‘டிராக் 07’, ‘பழைய ஹிட்ஸ் 112’, ‘புதிய கோப்பு 3’ என்றெல்லாம் இருக்கும். பாட்டு இனிமையாகத்தான் ஒலிக்கும். ஆனால் பாடியவர் யார்? எழுதியவர் யார்? எந்தப் படம்? எந்த ஆண்டு? ஒன்றுக்கும் விடை இராது.

இசைத்தட்டு இப்படி ஊமையாக இருந்ததில்லை. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் சதுரமான அட்டை உறைக்குள் அது வந்தது. உறையின் முன்புறம் வண்ணப்படம். பின்புறம் பாடல்களின் பட்டியல், பாடகர் பெயர், கவிஞர் பெயர். தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாளில் ஓர் எண். ஒலியானது தட்டிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து கோப்புக்கும் மாறியபோது ஒலி மட்டுமே பயணம் செய்தது, உறை பின்தங்கிவிட்டது. அந்த உறை சுமந்த செய்திகளைத்தான் இன்று ‘மெட்டாடேட்டா’ என்கிறார்கள். நாம் ‘விவரக் குறிப்பு’ என்று அழைப்போம்.

தொலைந்த விவரக் குறிப்பையும் உறைப் படத்தையும் தானே தேடி எடுத்துவந்து ஒட்டும் கருவியைச் செய்ய முடியுமா? முடியும். பழைய வீடியோ விளையாட்டுகளைச் சேகரிப்பவர்கள் இதற்கென்றே நிரல்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றை ‘ஸ்கிரேப்பர்’ என்பார்கள். பாட்டுக்கு அப்படி ஒரு கருவி வேண்டுமானால் எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஓர் ஊர், பல பெயர்கள்

சோதனைக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையே இருக்கிறது பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர். 1976-ஆம் ஆண்டு வெளிவந்த ‘அன்னக்கிளி’ அவர் இசையமைத்து வெளியான முதல் படம். அவர் இசையமைத்த படங்கள் ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே பெயரில்லாத பாட்டுக் கோப்புகளில் பல இந்த ஊரின் மைந்தருடையவையாகவே இருக்கும்.

கோப்பின் பெயரைக் கொண்டு தேடினால் என்ன? இந்த எளிய வழி விரைவில் முட்டுச்சந்தில் நிற்கும். ‘மாப்பிள்ளை’ என்ற பெயரில் 1989-இல் ஒரு படம் வந்தது, இசை இளையராஜா. அதே பெயரில் 2011-இல் இன்னொரு படம் வந்தது, இசை மணிசர்மா. ‘நான் சிகப்பு மனிதன்’ 1985-இலும் உண்டு, 2014-இலும் உண்டு. கோப்பில் ‘மாப்பிள்ளை’ என்று மட்டும் இருந்தால் கருவி எதை எடுக்கும்?

ஆட்களின் பெயரிலும் இதே சிக்கல்தான். பெற்றோர் வைத்த பெயர் ஞானதேசிகன், ஊரில் ராசய்யா, திரையுலகில் இளையராஜா. இதே பெயரை ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். மனிதருக்கு இவை ஒருவரே என்று தெரியும். கணிப்பொறிக்கு ஓர் எழுத்து மாறினாலும் அவர் வேறு ஆள்.

எனவே முதல் விதி இது: மேலே ஒட்டிய பெயரை நம்பாதே, உள்ளே இருக்கும் பொருளைப் பார்.

மீதி சொல்லும் சாட்சி

உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? எந்தக் கோப்பும் கணிப்பொறிக்கு ஒரு நீண்ட எண்தான். அந்த நீண்ட எண்ணிலிருந்து ஒரு சிறிய அடையாள எண்ணைப் பிழிந்தெடுக்கலாம்.

ஒரு தாளை எடுத்து நீங்களே செய்யுங்கள். 583142 என்ற எண்ணை 97-ஆல் வகுங்கள். மீதி 75. இப்போது கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி, 583124 என்று எழுதி வகுங்கள். மீதி 57. இலக்கங்களை வெறுமனே கூட்டினால் இரண்டுக்கும் 23-தான் வரும், மாற்றம் தெரியாது. மீதியோ மாற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

கணிப்பொறியில் பயன்படும் ‘சி.ஆர்.சி. 32’ என்ற முறையும் ஒரு வகை வகுத்தலே. இரும எண்களைத் தனி விதிப்படி வகுத்து மீதியை எடுக்கிறார்கள். மீதி 32 இரும இலக்கங்கள் கொண்டது. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வெவ்வேறு மீதிகள் வரலாம். இரண்டு வேறு கோப்புகளுக்குத் தற்செயலாக ஒரே மீதி வருவது எவ்வளவு அரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வீடியோ விளையாட்டுகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். 1990-களில் நம் கடைகளில் ‘டி.வி. கேம்’ என்று விற்றவற்றுள் பல, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட கருவியின் நகல்கள். அதில் செருகும் பெட்டிக்குள் ஒரு சில்லு இருக்கும். 1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் நிரலுக்கு 32,768 பைட்டுகள், படங்களுக்கு 8,192 பைட்டுகள். ஆக மொத்தம் 40,960. ஒரே பதிப்பைச் சேர்ந்த எந்தப் பெட்டியைத் திறந்தாலும் சில்லில் அதே பைட்டுகள், அதே வரிசை. ஆகவே மீதியும் ஒன்றே. அந்த எண்ணைப் பட்டியலில் தேடினால் பெயர், ஆண்டு, உறைப் படம் எல்லாம் வந்துவிடும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விளையாட்டைக் கோப்பாக்கும்போது முன்னால் 16 பைட்டுகள் கொண்ட ஒரு தலைப்பைச் சேர்ப்பது வழக்கம். கோப்பு 40,976 பைட்டுகள் ஆகிவிடும். அந்தத் தலைப்பையும் சேர்த்து வகுத்தால் வேறு மீதி வரும், கருவி விழிக்கும். தலைப்பை நீக்கிவிட்டு வகுத்தால்தான் சரியான விடை. எதை அளக்கிறோம், எதை விலக்குகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இது நம் ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தும் பாடம் அல்லவா?

பாட்டுக்கு விரல் ரேகை

இந்த முறை பாட்டுக்குச் செல்லுமா? செல்லாது. ஒரே இசைத்தட்டை இரண்டு பேர் இரண்டு நாள் பதிவு செய்தால், ஒன்றில் தூசியின் கரகரப்பு கூடும். மற்றொன்றில் ஒலி சற்று ஓங்கும். காதுக்கு ஒரே பாட்டு. பைட்டுகளோ முற்றிலும் வேறு. மீதிகளும் வேறு வேறாகவே வரும்.

ஆகவே கருவி, காது செய்வதைச் செய்ய வேண்டும். இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்று காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே. வெப்பம் பரவும் விதத்தை ஆராயப் போய், 1822-இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தக் கணிதம் இருக்கிறது.

குறுந்தகட்டில் ஒரு வினாடி ஒலி 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. பாட்டைப் பத்தில் ஒரு வினாடித் துண்டுகளாக நறுக்கினால், ஒவ்வொன்றிலும் 4,410 மாதிரிகள். ஃபூரியே முறைப்படி பிரித்தால் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது 10 ஹெர்ட்ஸ் இடைவெளியில் தெரியும். அவற்றுள் மிக வலுவான சில உச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். தூசியின் கரகரப்பு வலுக்குறைந்தது, பெரும்பாலும் கழிந்துவிடும். வயலினும் குழலும் குரலும் எழுப்பிய உச்சிகள் நிற்கும். காலத்தை ஓர் அச்சிலும் அதிர்வெண்ணை மற்றோர் அச்சிலும் வைத்து அவற்றைப் புள்ளிகளாக இட்டால், இரவு வானத்தின் விண்மீன்களைப் போல ஒரு படம் கிடைக்கும். அதுவே பாட்டின் விரல் ரேகை.

இரண்டிரண்டு புள்ளிகளாக இணைத்து, ‘இந்த அதிர்வெண், அந்த அதிர்வெண், இடையே இத்தனை காலம்’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் துண்டில் 2-ஆம் வினாடியில் வந்த இணை, பட்டியலிலுள்ள ஒரு பாட்டில் 62-ஆம் வினாடியில் இருக்கிறது. 3-இல் வந்தது 63-இல். 5-இல் வந்தது 65-இல். வேறுபாடு எப்போதும் 60. தற்செயலான பொருத்தங்கள் இப்படி வரிசையாக நிற்கமாட்டா. ‘ஷசாம்’ என்ற சேவை இந்த முறையில்தான் 2002-இல் பிரிட்டனில் தொடங்கியது. அதன் ஆய்வாளர் ஏவரி வாங் 2003-இல் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்.

நம் பழைய ஒலிநாடாக்களில் இன்னொரு தொல்லை உண்டு, அது வேகம். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டு 35 முறை சுழன்றால் வேகம் 5 சதவீதம் கூடுகிறது. 400 ஹெர்ட்ஸ் ஒலி 420 ஆகிவிடும். ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 6 சதவீதம். ஆகவே பாட்டு கிட்டத்தட்ட ஒரு கட்டை ஏறிவிட்டது! ஆனால் 400, 600 என்ற இரண்டு ஒலிகள் 420, 630 ஆகும்போதும் அவற்றின் விகிதம் 2:3 ஆகவே நிற்கிறது. சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் அதுவே. அதிர்வெண்ணுக்குப் பதிலாக விகிதத்தைப் பார்க்கும் கருவி இந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிடும். எந்தச் சுருதியில் பாடினாலும் நமக்கு மெட்டு புரிவதும் இதனால்தான்.

உறைப் படத்துக்கும் ஓர் எண்

உறைப் படங்களையும் இப்படியே அடையாளம் காணலாம். ஒருவர் வெயிலில் எடுத்த படமும் இன்னொருவர் ஸ்கேனரில் எடுத்த படமும் பைட்டுக்குப் பைட் ஒத்திருக்கா. படத்தை நிறம் நீக்கி 8க்கு 8, அதாவது 64 கட்டங்களாகச் சுருக்குங்கள். சராசரியை விட வெளிச்சமான கட்டத்துக்கு 1, இருண்ட கட்டத்துக்கு 0. இரண்டு படங்களின் 64 இலக்கங்களை ஒப்பிட்டு, எத்தனை இடங்களில் மாறுகின்றன என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று இடங்கள் மட்டும் மாறினால் அநேகமாக ஒரே உறை. முப்பது இடங்கள் மாறினால் வேறு உறை.

படம் கிடைத்துவிட்டது என்பதால் அது நம்முடையது ஆகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டு முடிந்த பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கும். 1976-இல் வெளியான தட்டுக்கு 2036 முடியும் வரை. உறையை வரைந்தவருக்கும் தனி உரிமை உண்டு. நம் வீட்டுப் பட்டியலில் ஒட்டிக்கொள்வது வேறு. அச்சிட்டு விற்பது வேறு.

கருவிக்குத் தெரியாதது

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ‘ஆனால்’ இருக்கிறது. விரல் ரேகை கிடைத்தாலும், ஒப்பிட ஒரு பட்டியல் வேண்டுமே! அந்தப் பட்டியலை எந்த இயந்திரமும் எழுதவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்துப் பதிந்தவர்கள் மனிதர்கள். பெரும்பாலோர் ஊதியம் வாங்காத ஆர்வலர்கள்.

அந்தப் பட்டியலை ஒழுங்காக அமைப்பதும் ஒரு கலை. ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் எண் கொடுத்து, அவருடைய எல்லாப் பெயர்களையும் அந்த எண்ணின் கீழ் எழுத வேண்டும். அவர் செய்த பணியைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். இளையராஜா இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியரும்கூட. அவருடைய தம்பி கங்கை அமரன் பாட்டும் எழுதினார், இசையும் அமைத்தார், படங்களும் இயக்கினார். ஆளையும் பணியையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பினால், தம்பி எழுதிய பாட்டு அண்ணன் கணக்கில் ஏறிவிடும்.

உறையில் இல்லாதது பட்டியலிலும் இராது. பல உறைகளில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்களோடு அச்சு நின்றுவிடுகிறது. குழல் ஊதியவரும் தபேலா வாசித்தவரும் கோரஸ் பாடியவர்களும் அதில் இல்லை. ‘இது குழல் ஒலி’ என்று ஃபூரியே கணிதம் சொல்லும். ‘ஊதியவர் இவர்’ என்று சொல்லாது.

பதிவே ஆகாத ஒலியின் நிலைமை இன்னும் மோசம். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் தம்பிகளோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் பாடியவர். ஒலிப்பதிவு ஆகாத ஒரு மேடைப் பாட்டை எந்த விரல் ரேகையாலும் தேட முடியாது. கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடும் பெண்களும், ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் பெண்களும் அறிந்த பாட்டுகளும் அப்படியே. பாடத் தெரிந்தவர் போனால் பாட்டும் போய்விடும்.

செய்து பாருங்கள்

ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகம் போதும். எண், பாட்டு, பாடியவர், எழுதியவர், இசை, படம், ஆண்டு, எங்கிருந்து தெரிந்தது என்று எட்டுக் கட்டங்கள் போடுங்கள். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள இசைத்தட்டு உறை, கேசட் அட்டை, பாட்டுப் புத்தகம் ஆகியவற்றிலிருந்து நிரப்புங்கள். தெரியாத கட்டத்தை ஊகித்து நிரப்பாதீர்கள், வெறுமையாக விடுங்கள். தவறான விவரம் ஒரு பட்டியலிலிருந்து பல பட்டியல்களுக்குத் தொற்றிக்கொள்ளும். வெற்றுக் கட்டத்தையோ நாளை ஒருவர் சரியாக நிரப்பலாம்.

அடுத்து, உங்கள் பாட்டியிடமோ அண்டை வீட்டு அம்மாவிடமோ அனுமதி கேட்டு, அவர் பாடும் வயற்காட்டுப் பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே, தள்ளிப்போடாமல், கோப்புக்கு ஒழுங்கான பெயர் இட்டு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஊர், தேதி, யாரிடம் கற்றார் என்ற விவரம் எல்லாம் வேண்டும். ‘பாடியவர்’ கட்டத்தில் அவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரையே கேட்டு எழுதுங்கள்.