ஜாஸ் யாருடைய இசை? பினாங்கு சொல்லும் பதில்

ஜாஸ் என்றதும் நம்மவர்களில் பலருக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பெரிய தங்கும் விடுதி, கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த வாத்தியக்காரர்கள், தலையும் வாலும் புரியாத ஓர் இரைச்சல். 'அது வெள்ளைக்காரன் சங்கீதம், நமக்கு எதற்கு?' என்று வானொலியை வேறு அலைவரிசைக்குத் திருப்பிவிடுகிறவர்களும் உண்டு.

இந்த எண்ணத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்று, ஜாஸ் வெள்ளையர் படைத்த இசை அல்ல. இரண்டு, அது நமக்கு அந்நியமானதும் அல்ல. பினாங்குத் தீவில் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக மலாய்க்காரர், சீனர், இந்தியர், யூரேசியர், பிலிப்பினோக்காரர் என எல்லாரும் கூடி வளர்த்த இசைகளில் அதுவும் ஒன்று.

வலியில் பிறந்த இசை

ஜாஸ் பிறந்த இடம் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் துறைமுக நகரம். காலம் சுமார் 1900. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, பருத்தித் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலை வாங்கப்பட்ட மக்களின் சந்ததியினர் அதை உருவாக்கினர். வேலைப் பாட்டு, தேவாலயப் பாட்டு, 'புளூஸ்' எனப்படும் சோகப் பாட்டு ஆகியவற்றோடு ஐரோப்பிய ஊதுகருவிகளும் சேர்ந்தன. 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது. அதைப் பதிவு செய்தவர்கள் வெள்ளையர். உருவாக்கியவர்களுக்குப் பெயர் பிறகுதான் வந்தது.

பால்மரக் காட்டில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அதிகம் விளக்கத் தேவையில்லை. சுமையோடு வந்தவன் பாட்டையும் கொண்டுதான் வந்தான்.

எப்படிக் கேட்பது?

'கேட்டால் புரியவில்லையே' என்பது அடுத்த குறை. கர்நாடக இசைக் கச்சேரி ஒன்றைக் கேட்டவருக்குப் பாதி வழி ஏற்கெனவே தெரியும்.

வித்வான் கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு கற்பனை ஸ்வரம் பாடுகிறார். வயலின்காரர் பதில் சொல்கிறார். பிறகு மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம். கடைசியில் எல்லாரும் அதே வரிக்குத் திரும்புகிறார்கள். ஜாஸ் குழுவும் இதைத்தான் செய்கிறது. முதலில் ஒரு மெட்டை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு சாக்ஸபோன், பியானோ, டிரம்பெட் என ஒவ்வொருவராக அந்த இடத்திலேயே தோன்றியதை வாசிப்பார்கள். முடிவில் முதல் மெட்டு திரும்ப வரும். கடமும் மிருதங்கமும் மாற்றி மாற்றி வாசித்துக் குறைத்துக்கொண்டே வருவதைப் போல, ஜாஸிலும் நான்கு நான்கு அளவுகளாகப் பங்கிட்டு டிரம்ஸ்காரரோடு உரையாடுவது உண்டு. நாம் மனோதர்மம் என்று சொல்வதுதான் ஜாஸுக்கும் உயிர்.

வேறுபாடும் உண்டு. நம் வித்வானுக்கு எல்லை வகுப்பது ராகம். ஜாஸ் கலைஞருக்கு எல்லை வகுப்பது, ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்களின் கூட்டான 'கோர்ட்'. அந்தக் கூட்டு ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாறிக்கொண்டே இருக்கும். 12 அளவு அல்லது 32 அளவு முடிந்ததும் சுற்று மீண்டும் தொடங்கும். மாறுகிற அந்தப் படிகளின் மேல்தான் கலைஞர் நடக்க வேண்டும்.

முதன்முறை கேட்பவர்களுக்கு ஓர் எளிய வழி: நான்கு எண்ணும்போது ஒன்றிலும் மூன்றிலும் தட்டாமல், இரண்டிலும் நான்கிலும் தட்டிப் பாருங்கள். அந்த இசையின் ஊசலாட்டம் உடனே பிடிபடும்.

இரு மரபுகளும் நேரில் சந்தித்ததும் உண்டு. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1958இல் இந்தியாவுக்கு வந்தபோது, சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். மறு ஆண்டு புரூபெக் குழு வெளியிட்ட 'டேக் ஃபைவ்' உலகப் புகழ் பெற்றது. அது ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. மேல்நாட்டுக் காதுகளுக்குப் புதுமையாக இருந்த அந்தக் கணக்கை 'தகிட தக' என்று நம் வீட்டுப் பிள்ளை எளிதில் சொல்லிவிடும். 1970களில் ஜான் மெக்லாஃப்லின் தொடங்கிய 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்தார். 2024இல் அதே 'சக்தி' கிராமி விருது வென்றபோது, குழுவில் இருந்தவர் அவர் மகன் செல்வகணேஷ்.

துறைமுகம் சேர்த்த சுரங்கள்

இனி பினாங்குக்கு வருவோம். ஜோர்ஜ்டவுன் ஒரு துறைமுகம். கப்பலில் சரக்கு மட்டுமா வரும்? மேளமும் வரும், மெட்டும் வரும். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் பாணியைப் பார்த்து, 1885 வாக்கில் இங்கேயே ஒரு நாடகக் கலை பிறந்தது. அதுதான் 'பங்சாவான்'. அதன் முன்னோடியாகக் குறிப்பிடப்படும் மாமாக் புஷி இந்திய முஸ்லிம் வழிவந்தவர். பின்னாளில் பங்சாவான் காட்சிகளுக்கு இடையில் ஜாஸ் ஆட்டமும் பாட்டும் இடம்பெற்றன. அந்த மேடைகளிலும், ஊமைப்படக் கொட்டகைகளிலும், ஹோட்டல்களிலும் வாசித்தவர்களில் மணிலாவிலிருந்து வந்த பிலிப்பினோ கலைஞர்கள் பலர். இசைக் குறிப்பைப் பார்த்து எதையும் வாசிக்கும் திறன் அவர்களிடம் இருந்தது.

ஜப்பானியர் ஆட்சியில் அமெரிக்க இசை எதிரியின் இசையானது. போர் முடிந்ததும் அது மீண்டும் வந்தது. நியூ வோர்ல்ட் போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் வாத்தியக் குழுக்கள் முழங்கின. பகலில் அலுவலக வேலை, இரவில் மேடை என்று வாழ்ந்தவர்கள் ஏராளம். பினாங்கின் இசை வரலாற்றைத் தொகுத்த பால் அகஸ்டின், ஜேம்ஸ் லாக்ஹெட் ஆகியோரின் நூல் 2015இல் வெளிவந்தது. அதற்கு 'ஜஸ்ட் ஃபார் தி லவ் ஆஃப் இட்' என்று பெயர் வைத்ததில் பொருள் உண்டு. ஆசைக்காக மட்டுமே வாசித்தவர்களின் கதை அது.

யூரேசியரான ஜிம்மி பாய்ல் (1922–1971) பினாங்கில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர். நாட்டுப்பற்றுப் பாடல்களுக்கும் அவர் இசை அமைத்தார். ஜாஸ் தெரிந்த கை, இந்த மண்ணின் மெட்டையும் மறக்கவில்லை.

ஒரு மேதைக்கு நேர்ந்தது

பினாங்கு தந்த மாபெரும் கலைஞர் பி. ரம்லி. 1929 மார்ச் 22இல் பிறந்தவர். உக்குலேலேயில் தொடங்கிய கை கித்தாருக்கும் வயலினுக்கும் போனது. 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். 1950இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். மலாய் மெட்டு, ஜாஸ், ரும்பா, இந்துஸ்தானி என்று ரம்லி கேட்டதெல்லாம் அவருடைய பாட்டில் கரைந்தது.

ஆனால் 1960களின் நடுவில் இரசனை மாறியது. மின்கித்தார் அலை வந்தது. நேற்று வரை தலையில் வைத்துக் கொண்டாடிய கூட்டம், 'பழைய பாணி' என்று ஒதுக்கியது. 1973 மே 29இல், 44 வயதில், வறுமையில் அவர் இறந்தார். 'டான் ஸ்ரீ' பட்டம் 1990இல் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மறைந்த பிறகு மாலை போடுவதில் எந்தச் சமூகமும் குறை வைப்பதில்லை. இருக்கும்போது கேட்டோமா என்பதுதான் கேள்வி.

மிஞ்சியது எவ்வளவு?

1969இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுக நிலையை இழந்தது. பதிவு செய்த இசை மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், பத்துப் பேர் வாசித்த இடத்தில் ஒரு பெட்டி பாடியது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய நகரத்துக் குடும்பங்கள் பல வீடு மாறின. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது எது? தாத்தாவின் இசைத்தட்டும், பழைய படமும், கையால் எழுதிய இசைக் குறிப்பும்தான். மேடையில் அந்தந்த நேரத்தில் தோன்றி மறைந்த வாசிப்புகளோ பெரும்பாலும் பதிவாகவே இல்லை.

மீட்கும் முயற்சியும் நடந்தது. 2004இல் பினாங்குத் தீவு ஜாஸ் விழா தொடங்கியது. 2016இல் கொம்தாரில் பினாங்கு இசை இல்லம் திறக்கப்பட்டது. ஆனால் இதை ஒன்றிரண்டு ஆர்வலர்களின் தோளில் மட்டும் ஏற்றிவிட முடியாது.

ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. வாத்தியம் வாசித்த பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கைப்பேசியிலாவது பதிவு செய்யுங்கள். பழைய படத்தின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். மிருதங்கம் பழகும் பிள்ளை ஒரு நாள் டிரம்ஸ் பக்கம் போனால், 'பாட்டு சோறு போடுமா?' என்று வாயை அடைக்காதீர்கள். சோறு போடாமல் போகலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் வாசிப்பதைக் கவனித்துக் கேட்டு, தன் முறை வரும்வரை பொறுத்திருந்து, அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்து வாசிக்க அது கற்றுக் கொடுக்கும். பல இனம் வாழும் நாட்டுக்கு அதைவிட வேறென்ன பாடம் வேண்டும்?