தூதன் இல்லாத கோட்டை

கோட்டை எவ்வளவு பலமாயிருந்தாலும் உள்ளே படை இல்லாவிட்டால் பயன் என்ன? மனித தேகமும் ஒரு கோட்டைதான். அதற்குப் படை திரட்டும் தூதன் ஒருவனை விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வரலாறு, தாய்மார் அனைவரும் அறிய வேண்டியது.

அமெரிக்காவில், வாஷிங்டன் நகரத்து வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சிகிச்சை பெற்றுவந்தான். கிருமி நோய்கள் ஒன்று போனால் மற்றொன்றாக அவனை வாட்டின. குழந்தை வைத்தியரான கர்னல் ஆக்டன் புரூட்டன் அவன் இரத்தத்தைச் சோதித்தபோது, கிருமிகளை எதிர்க்கும் காமா குளோபுலின் என்னும் புரதம் அதில் காணப்படவேயில்லை! பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அப்புரதத்தை மாதந்தோறும் ஊசி மூலம் செலுத்தினார், சிறுவன் தேறினான். 1952-ஆம் வருஷம் இச்செய்தி வெளியாயிற்று.

இந்நோய் கண்டவர்கள் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே. சில குடும்பங்களில் தாய்மாமனும் இளமையிலேயே மாண்டிருப்பான். தாயோ பூரண சுகத்துடன் இருப்பாள். காரணம் என்ன? பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு, ஆண்களுக்கு ஒன்றே. ஒன்றில் பழுது நேர்ந்தால் பெண்ணை மற்றது காப்பாற்றும். ஆணுக்கு அந்தத் துணை இல்லை.

பழுதுற்ற ஜீன் எது என்பது 1993-இல்தான் விளங்கிற்று. லண்டனிலும் ஸ்வீடனிலும் இருந்த ஆராய்ச்சியாளர் எக்ஸ் குரோமோசோமில் அது இருக்கும் இடத்தைத் தேடிச் சென்றார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆராய்ச்சியாளர் இரத்த அணுக்களிலுள்ள ஒரு நொதியை ஆராய்ந்துகொண்டு வந்தார்கள். இரு சாராரும் ஒரே வாசலில் வந்து சேர்ந்தார்கள்! 659 அமினோ அமிலங்கள் கோத்த அந்நொதிக்குப் 'புரூட்டன் டைரோஸின் கைனேஸ்' என்று பெயர்.

அதன் வேலை தூது செல்வது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் பி அணுக்கள் வளர்ந்து முதிர்ந்தால்தான் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். 'வளர்க' என்னும் கட்டளை அணுவின் மேற்புறத்தில் பிறக்கிறது. அருகிலுள்ள புரதத்தின்மீது பாஸ்பேட் முத்திரையைப் பதித்து, அக்கட்டளையை உள்ளே அனுப்புகிறது இந்நொதி. தூதன் இல்லையேல் கட்டளை சேராது, அணுக்கள் பாதி வழியில் மடியும், படையும் இல்லை.

தூதன் அடங்காமல் ஓடினாலும் ஆபத்தே. பி அணுக்களில் தோன்றும் சில புற்றுநோய்களில் இக்கட்டளை ஓயாமல் செல்கிறது. அந்நொதியைத் தடுக்கும் இப்ருடினிப் என்னும் மருந்து 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் நோயில் கற்ற பாடம் பெரியவர்களின் நோய்க்கு உதவிற்று.

பிள்ளை நோயுற்றால் தாயைப் பழிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இந்நோயிலோ, கருவிலிருக்கும்போதே தாய் அளித்த எதிர்ப்பொருள்கள்தாம் குழந்தையை முதல் ஆறு மாதம்வரை காக்கின்றன. ஜீனின் எழுத்து பிறழ்வது எவர் குற்றமும் அன்று. ஆகவே, ஆண் குழந்தைக்குக் கடுமையான கிருமி நோய்கள் அடுத்தடுத்து வருமானால், வீட்டார் விதியை நொந்துகொண்டிராமல், தாயையும் நோகாமல், வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்க வேண்டும். காலத்தில் அறிந்தால் புரூட்டன் காட்டிய சிகிச்சை இன்றும் உயிர் காக்கிறது.