ஊர்ப் பண்டம் வாங்கும்போது தண்ணீரைக் கவனிங்க

திருநெல்வேலிப் பக்கம் போய்த் திரும்புறவங்க பையில் அல்வா, பால்கோவா, கடலைமிட்டாய், மக்ரூன், கருப்பட்டி இதில் ரெண்டாவது இருக்கும். எந்தக் கடை ஒசத்தின்னு மணிக்கணக்கா பேசுவோம். எது எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பத்திப் பேச்சே வராது. வாங்கினதை வயசானவங்களும் குழந்தைகளும் சாப்பிடப் போறாங்க என்பதால் எனக்கு இதுதான் முதல் கேள்வி.

இனிப்பு கெட்டுப்போறதுக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கு என்பதைவிட, கிருமிகளுக்கு எவ்வளவு கிடைக்குது என்பதுதான் முக்கியம். சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். சம்பா கோதுமைப் பாலில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, நெய் விட்டுக் கிண்டுற திருநெல்வேலி அல்வா பார்க்க ஈரமா இருந்தாலும், ஃபிரிட்ஜ் இல்லாம சில நாள் தாங்குறது அதனால்தான். ஃபிரிட்ஜில் வச்சா நெய் உறைஞ்சு இறுகிப்போகும், அவ்வளவுதான்.

பால்கோவா கதை வேற. பாலைச் சுண்டக் காய்ச்சினாலும் ஈரம் மிச்சம் இருக்கும், பால் புரதமும் இருக்கும். கிருமிக்கு விருந்து. சூடா இருக்கும்போதே டப்பாவில் அடைச்சு மூடினா, ஆவி மூடியில் படிஞ்சு திரும்பப் பால்கோவா மேலேயே சொட்டும். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். அதனால் ஆறினதா கேட்டு வாங்குங்க, என்னைக்குக் கிண்டினதுன்னும் கேளுங்க. உதிரியா விக்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிடணும் என்று கடையில் எழுதி வைக்கணும் என்று 2020 அக்டோபரில் விதி வந்தது. வெளிநாட்டு உறவுக்காரங்களுக்கு வாங்குறீங்களா? ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இங்கிருந்து பால் பண்டம் பையில் கொண்டுபோக அனுமதி இல்லை. விமான நிலையத்தில் பிடிச்சா குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

கடலைமிட்டாய்க்குத் தலைகீழ் பிரச்சினை. அதில் தண்ணீர் ரொம்பக் குறைவு, அதனால் வெளியில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். பாக்கெட்டைப் பிரிச்சு வச்சா மறுநாளே பிசுபிசுப்பு. நாள்பட்டா கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். மக்ரூனும் ஈரம் இழுக்கும். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி மூணையும் நுரையா அடிச்சு உலர்த்தின பண்டம் அது, காத்துப் பட்டாலே நமத்துப்போகும். இன்னொண்ணு: அதில் முட்டை இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. சைவக்காரங்க வீட்டுக்குக் கொடுக்கும் முன்னாடி சொல்லிடுங்க.

கருப்பட்டி நல்லா உலர்ந்திருந்தா மாதக்கணக்கில் இருக்கும். அதில் பயம் கெடுறது பத்தி இல்லை, சீனிக் கலப்படம் பத்தி. பதநீரில் இயற்கையாவே இருப்பதும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான். அதனால் நாக்கை வச்சு மட்டும் கண்டுபிடிக்கிறது கஷ்டம். பதநீர் இறங்குற கோடையில், காய்ச்சுற இடத்துக்குப் பக்கத்தில் வாங்குவதுதான் நான் நம்புற வழி.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019லும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020லும் புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்தப் பெயரை யார் போட்டு விக்கலாம் என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது. கையில் இருக்கிற டப்பா புதுசா என்பதை அது சொல்லாது. நெடுஞ்சாலைக் கடையில் ஊர் பேர் போட்டு அடுக்கி வச்சிருக்கிற டப்பாவை எடுத்தா, தயாரிச்ச முகவரியும் தேதியும் எங்கே இருக்குன்னு தேடுவேன். இல்லைன்னா திரும்ப வச்சிடுவேன்.

கெடவே கூடாதுன்னா பத்தமடைப் பாய் இருக்கு. கோரையில் நெய்தது. ஆனா அதைச் சாப்பிட முடியாது!

சென்னைக்குக் காரில் திரும்புறவங்களுக்கு நான் சொல்ற வரிசை இது: கருப்பட்டியும் மக்ரூனும் பயணத்தின் எந்த நாளிலும் வாங்கலாம், மக்ரூனுக்குக் காத்துப் புகாத டப்பா வேணும். அல்வா கிளம்புற அன்னைக்குக் காலையில். கோவில்பட்டி போற வழியிலேயே வரும், நிறுத்தி கடலைமிட்டாய். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுத்திப் போக நேரம் இருந்தா பால்கோவா கடைசியா, கால் கிலோவுக்கு மேல வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜுக்குள்ள.