கட்டிக் கிடக்கும் றோலர்கள்

யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிறது மயிலிட்டித் துறைமுகம். அண்மை ஆண்டுகளில் அங்கே அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே, உள்ளூர்க்காரர்களின் ஃபைபர் படகுகள் நிற்க வேண்டிய இடத்தில், பெரிய மர விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. பதிவெண் 'ஐஎன்டி–டிஎன்–10–எம்எம்' என்று தொடங்கினால் ராமேசுவரம் பக்கத்துப் படகு. 08 என்றால் புதுக்கோட்டைக் கரையது. அந்த எண்ணைக் கொண்டு உரிமையாளரின் வீட்டு வாசலுக்கே போய்விடலாம். ஆனாலும் துறைமுகத்தில் அவை கேட்பாரற்றுத்தான் கிடக்கின்றன.

மற்ற நாடுகளில் துறைமுகத்தில் படகு அநாதையாகக் கிடந்தால், பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் கைவிரித்திருப்பார். இங்கே கதை வேறு. சொந்தக்காரருக்குப் படகு வேண்டும். அதன் பேரில் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பிடித்து வைத்திருக்கும் இலங்கைக்கு அது வேண்டாத சுமை. இடையில் நிற்பது வழக்கு.

எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடிக்கும் மீனவர்களையும் படகையும் கடற்றொழில் திணைக்களத்திடம் ஒப்படைப்பார்கள். பிடிபட்ட கடற்பகுதியைப் பொறுத்து ஊர்காவற்றுறை, மல்லாகம், பருத்தித்துறை, மன்னார் என ஏதாவதொரு நீதிமன்றத்தில் வழக்கு பதிவாகும். அதற்குப் பிறகு ஆட்களுக்கு ஒரு வழி, படகுக்கு ஒரு வழி. ஆட்கள் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஊர் திரும்பிவிடுவார்கள். படகு வேண்டுமென்றால் உரிமையாளரே கடல் தாண்டிப் போய் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்; போகாவிட்டால் அது அரசுடைமை. வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் பற்றிய 1979-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபின், அபராதம் படகின் நீளத்துக்கேற்ப 50 லட்சம் இலங்கை ரூபாயில் தொடங்கி 17.5 கோடி வரை போகிறது. இதைக் கேட்ட பிறகு எத்தனை பேருக்குக் கப்பலேறிப் போகத் தோன்றும்?

வழக்கு தவணை தவணையாக நகரும். மரத்துக்குத் தவணை கிடையாது.

மரப்படகின் பலகைகளுக்கு நடுவே பஞ்சுத் திரியைச் செருகி அடைத்திருப்பார்கள்; கலப்பற்று என்பது இதைத்தான். நீரில் ஊறும் பலகை உப்பி, இடைவெளியை இறுக்கிக்கொள்ளும். மேலே வெயில் படும் பலகைகளோ சுருங்கி வாய் பிளக்கும். மழைத்தண்ணீர் அந்தப் பிளவு வழியாக உள்ளே இறங்கும். தொழிலுக்குப் போகிற படகில் அடியில் சேரும் நீரை அவ்வப்போது பம்பு வைத்து இறைத்துவிடுவார்கள். கட்டிக் கிடக்கும் படகில் பேட்டரி செத்திருக்கும், இறைக்க ஆளும் இருக்காது. நீருக்குக் கீழே கப்பல்புழு வேலையைத் தொடங்கியிருக்கும். பெயரில்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். வெளியே குண்டூசித் துளை போலத்தான் தெரியும். உள்ளே மரம் சல்லடை. ஊரில் இருந்திருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கரையேற்றிச் சுரண்டி, அடைத்து, பெயின்ட் அடித்திருப்பார்கள். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையும் வாடைக்காலத்து அலையும் சேர்ந்து வரும்போது, பராமரிப்பில்லாத படகு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும்.

மூழ்கிவிட்டால் செலவு பல மடங்கு. டீசலும் என்ஜின் ஆயிலும் துறைக்குள்ளேயே பரவும். மிதக்கும்போது கயிறு கட்டி இழுத்திருக்கக்கூடிய படகுக்கு இப்போது முக்குளிப்பவர்களும் கிரேனும் வேண்டும். நீருக்குள் கிடக்கும் மரச்சட்டம் அடுத்தவர் படகின் அடியைக் கிழிக்கும்.

அந்த அடுத்தவர் யார் என்பதுதான் இதில் வேதனை. மயிலிட்டி மக்கள் போரினால் 1990-இல் இடம்பெயர்ந்தவர்கள். 2017-இல்தான் துறைமுகப் பகுதி இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டது. புதுப்பித்த துறைமுகம் 2019-இல் திறக்கப்பட்டது. இழுவைமடியை இலங்கை தடை செய்ததும் அதே 2017-இல். அந்த மடியோடு வந்து உள்ளூர்க்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போன றோலர்கள் (விசைப்படகுக்கு அங்கே அதுதான் பெயர்) இப்போது கட்டுத்துறையையும் பிடித்துக்கொண்டன. அவற்றை அகற்றுங்கள் என்று உள்ளூர்ச் சங்கங்கள் கேட்பதைத் தமிழகத்து வாசகர் பகையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அகற்ற வழி? இலங்கை ஏலத்தை நம்பியது. 2022 பிப்ரவரி 7 முதல் 11 வரை என அறிவித்த ஏலத்தில் 105 படகுகள்: காரைநகரில் 65, காங்கேசன்துறையில் 5, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, கற்பிட்டியில் 2. நாள்பட்ட படகில் விலை போகிறவை என்ஜினும் இரும்பும்தான், பலகை அடுப்புக்கு. தமிழக அரசு தன் பங்குக்கு, மீட்க முடியாமல் போன 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 லட்சமும் 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை லட்சமும் நிவாரணம் அறிவித்தது.

ஏலம் போட்டால் தலைவலி தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் இதில் பட்டுத் தேறியது. 'டீப் சீ' என்ற பழைய நண்டுபிடிப் படகை இரும்பு வியாபாரி ஒருவர் ஏலத்தில் மலிவாக வாங்கி, பென் கோவ் என்ற விரிகுடாவில் நங்கூரமிட்டு விட்டுவிட்டார். அரசு தினசரி அபராதம் போட்டது, படகு நகரவில்லை. 2012 மே மாதம் அது தீப்பிடித்து மூழ்கியது. பக்கத்துச் சிப்பிப் பண்ணையில் அறுவடை நின்றது. தூக்கிச் சுத்தம் செய்ய 50 லட்சம் டாலருக்கு மேல் ஆயிற்று. அந்த மாநிலத்தில் 2002 முதலே படகுப் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்துக் கைவிட்ட படகுகளை அகற்றும் திட்டம் உண்டு. 2014 முதல், பராமரிக்க முடியாத சிறு படகைச் சொந்தக்காரரே அரசிடம் ஒப்படைக்கலாம். மிதக்கும்போதே எடுத்துவிட்டால் மலிவு என்ற கணக்குதான்.

பாக் நீரிணைக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். பிடித்த நாளிலேயே டீசலை இறக்கி, தண்ணீர் இறைக்க ஆள் போட்டு, அந்தச் செலவை வழக்கின் முடிவில் யாரிடம் வசூலிப்பது என்று எழுதிவைக்கலாம். படகைத் திருப்பித் தருவதா, அரசுடைமையாக்குவதா என்பதை அடுத்த மாரிக்கு முன் சொல்லிவிடலாம். சர்வதேசச் சட்டம் இங்கே கைகொடுக்காது: சிதைவுகளை அகற்றுவது பற்றிய 2007 நைரோபி உடன்படிக்கையின் கட்டாயக் காப்புறுதி 300 டன் கப்பல்களிலிருந்துதான் தொடங்குகிறது.

விடுவிக்கப்பட்ட படகுகளைப் பார்க்க உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் தமிழகத்திலிருந்து போன சந்தர்ப்பங்கள் உண்டு. போனவர்கள் முதலில் பார்ப்பது என்ஜினை இல்லை; அடிப்பலகையை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரல் உள்ளே இறங்கினால், அந்தப் படகை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.