லியோன் நகரின் ஒளி விழா

வீட்டினுள் ஏற்றிய விளக்கைச் சாளரத்தருகே கொண்டுவந்து வைத்தால், அதன் பயன் வீட்டாரோடு நில்லாது வீதியிற் செல்வோரையும் சென்றடைகிறது. இச்சிறு செயலை ஒரு நகரத்தார் ஒரே இரவில் ஒருங்கே செய்தனர். அதிலிருந்து தோன்றியதே பிரான்சு தேசத்து லியோன் நகரின் ஒளி விழா. ஆண்டுதோறும் டிசெம்பர் 8ஆந் திகதியை ஒட்டி நான்கு இரவுகள் நடைபெறும் அவ்விழாவுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பேர் வந்துசெல்வதாகக் கணக்கிடப்படுகிறது. நகரின் குடித்தொகையோ 5 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டதே.

ரோன், சோன் என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் அமைந்த பழைய நகரம் லியோன். சோன் நதியின் மேற்குக் கரையில் பூர்வியேர் என்னும் குன்று எழுந்து நிற்கிறது. 1643ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சிய நகரப் பெரியோர், தம் ஊரைத் தேவமாதாவின் அடைக்கலத்தில் ஒப்புவித்து, ஆண்டுதோறும் அக்குன்றின் ஆலயத்துக்கு மெழுகு காணிக்கையுடன் செல்வதாக நேர்ந்துகொண்டனர். குன்றுக்கும் விளக்குக்கும் உள்ள தொடர்பு அந்நாள் முதலே வேரூன்றியது.

இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், அவ்வாலயத்தின் மணிக்கோபுரத்து உச்சியில் தேவமாதாவின் திருவுருவம் ஒன்றை நிறுவ நகரத்தார் விரும்பினர். ஜோசப் பாபிஷ் என்னும் சிற்பி அதனை வடித்தார். திறப்பு விழா 1852 செப்டெம்பர் 8ஆந் திகதிக்கெனக் குறிக்கப்பட்டது. ஆனால் சோன் நதி பெருகி, சிலை உருவாகிக்கொண்டிருந்த பட்டறையிலும் வெள்ளம் புகுந்தமையால், விழா டிசெம்பர் 8ஆந் திகதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்நாளிலும் புயல் மூண்டது. விழாவை மீண்டும் ஒத்திப்போட எண்ணியிருந்த வேளையில், மாலையில் வானம் வெளித்தது. எவருடைய கட்டளையையும் எதிர்பாராது மக்கள் தத்தம் சாளரங்களில் மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்துவிட்டு, வீதிகளில் இறங்கி உலாவினர் என்பது நகரில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. மறு ஆண்டுகளில் அதுவே வழக்கமாயிற்று. வரி வரியாக விளிம்பு மடித்த சிறு கண்ணாடிக் குவளையினுள் குட்டையான மெழுகுவர்த்தியை வைத்து, சாளரப் படியில் நிரையாக அடுக்குவது இன்றும் அந்நகரின் முறை.

இவ்வெளிய வழக்கம் கலைவிழாவாக மாறியது அண்மைக் காலத்திலேயாம். பெரிய கட்டடங்களை ஒளியாலும் ஒலியாலும் அலங்கரித்து வரலாறு சொல்லும் காட்சி, 1952இல் அதே நாட்டின் ஷம்போர் மாளிகையில் முதன்முதலாக நடத்தப்பட்டது. 1989இல் லியோன் மாநகரசபை, பாலங்களையும் பழைய கட்டடங்களையும் இரவில் அழகுறக் காட்டும் ஒளித்திட்டமொன்றை வகுத்தது. பத்தாண்டுகள் சென்றபின், 1999இல், டிசெம்பர் 8ஆந் திகதி வழக்கம் பல நாள் விழாவாக விரிந்தது. பல தேசத்து ஓவியரும் பொறியியலாளரும் அவ்விழாவுக்கு வந்து, நகரச் சுவர்களையே தம் திரையாக்கினர்.

சுவர் திரையாவது எங்ஙனம்? முதலில் கட்டடத்தின் முகப்பிலுள்ள தூண், வளைவு, சாளரம் ஒவ்வொன்றும் நுட்பமாக அளக்கப்பட்டு, அதன் உருவம் கணினியில் வரையப்படுகிறது. அவ்வளவுகளுக்கு இசையவே ஓவியர் தம் சித்திரத்தை அமைக்கிறார். ஒரு பொருள் குழிந்துள்ளதா, புடைத்துள்ளதா என்பதை மனிதக் கண் நிழலைக்கொண்டே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆதலால், ஒளி வேறொரு திசையிலிருந்து விழுவது போன்று நிழலைத் தீட்டினால், அசையாத தூண் சுழல்வது போலவும், மூடிய சுவர் திறப்பது போலவும் தோன்றும். அகன்ற முகப்பை ஒரு கருவி நிரப்பமாட்டாது. பல ஒளியெறி கருவிகள் ஆளுக்கொரு பகுதியை ஏற்க, அவற்றின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பொருத்து வாய் தெரியாமல் இணைக்கப்படுகின்றன. வெளிர் நிறக் கல் ஒளியை நன்கு திருப்பியனுப்பும். கருங்கல் அதனை விழுங்கிவிடும். அயலிலுள்ள தெருவிளக்குகள் அணைந்திருத்தலும் அவசியம். காட்சி முடிந்ததும் சுவரில் ஆணித் துளையுமில்லை, சாயக் கறையுமில்லை. நூற்றாண்டுகள் பழைமையான தேவாலயங்களும் இக்கலைக்கு இடங்கொடுப்பதற்கு இதுவே காரணம்.

இதனைக் கண்ட பிற நகரங்களும் இவ்வழியைப் பின்பற்றின. 2006இல் ஒல்லாந்தின் ஐந்தோவன் நகரிலும், 2009இல் இங்கிலாந்தின் டர்ஹம், ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆகிய நகரங்களிலும் ஒளி விழாக்கள் தொடங்கின. நகர ஒளியமைப்பைப் பற்றி ஆராயும் நகரங்களின் சர்வதேசச் சங்கமொன்று, லியோனின் முயற்சியால் 2002இல் உருவாயிற்று. இவ்விழாக்களிற் பெரும்பாலான காட்சிகள் வீதியிலும் சதுக்கத்திலும் நடைபெறுவதால், கலைக்கூடத்து வாசலை மிதித்திராதவரும் கட்டணமின்றிக் கலையைக் கண்டு மகிழ்கின்றனர்.

ஆயினும் பெருமை வளருமிடத்துச் சிக்கலும் வளரும். விழா இரவுகளிற் பழைய நகரின் ஒடுங்கிய தெருக்கள் சனநெரிசலால் திணறுகின்றன. ஒருவழிப் பாதைகள் வகுத்துக் கூட்டத்தை நடத்தவேண்டியுள்ளது. ஏற்றி வைத்தவர் பார்வையாளராகி, விளக்கு நகர மக்களின் கையிலிருந்து கருவிகளின் கைக்குச் சென்றுவிட்டதோ என்ற கேள்வியும் இயல்பாக எழுகிறது.

இக்கேள்விக்கு 2015ஆம் ஆண்டு விடையளித்தது. அவ்வாண்டு நவம்பர் 13ஆந் திகதி பாரிஸ் மாநகரில் நிகழ்ந்த பயங்கரத் தாக்குதல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருந்திரளான மக்களைப் பாதுகாப்பது அரிதென்று கருதி, லியோன் விழா கைவிடப்பட்டது. நான்கு இரவுக் கொண்டாட்டம் இல்லை. ஆனால் டிசெம்பர் 8ஆந் திகதி மாலையில், இறந்தோரை நினைந்து சாளரங்களில் விளக்கேற்றுமாறு நகரம் கேட்டுக்கொண்டது. பொழுது சாய்ந்ததும் வீடுதோறும் சிறு குவளைகளில் சுடர்கள் தோன்றின. கொரோனா நோயால் 2020இலும் விழா நின்றபோது, அதே சுடர்கள் அதே சாளரங்களில் எரிந்தன.

பெருவிழா நின்றால் கருவிகள் அணையும். மின்விசையும் பெரும் பொருளும் அதற்கு வேண்டும். சாளர விளக்குக்கு வேண்டுவன ஒரு திரியும், அதனை ஏற்றும் ஒரு கையுமே. 1852இல் புயல் ஓய்ந்த மாலையில் அந்நகருக்குக் கிடைத்த செல்வம் அதுதான். அதனைப் பேணும் வரையில், எத்துணைப் பெரிய ஒளிக் காட்சிக்கும் அந்நகரில் அடித்தளம் உண்டு.