'மோமோ' காமெடி... கொதித்த அசாம்!

2021. கலர்ஸ் சேனலின் 'டான்ஸ் தீவானே' ஷோவில் ஆட வந்தாள், கவுகாத்தியைச் சேர்ந்த குட்டிப் பெண் ஒருத்தி. அவளை மேடைக்கு அழைத்த தொகுப்பாளர் ராகவ் ஜுயல், நடுவே 'மோமோ' என்றார். சீன மொழி மாதிரி என்னவோ உளறினார். சுற்றிலும் ஒரே சிரிப்பு.

வீடியோ பரவியதும் வடகிழக்கு மக்கள் கொதித்துவிட்டார்கள். அசாம் முதல்வர் ஹிமந்த பிஸ்வ சர்மாவே 'இது இனவெறி' என்று கண்டித்தார்.

ராகவ் மன்னிப்புக் கேட்டார். கூடவே ஒரு விளக்கம். தனக்குச் சீன மொழி பேச வரும் என்று முதலில் சொன்னதே அந்தக் குழந்தைதானாம். அதைத்தான் இவர்கள் தொடர்ந்தார்களாம். இருக்கட்டுமே! குழந்தை விளையாட்டாகச் சொன்னதைத் திரும்பத் திரும்பக் காமெடியாக்கியது பெரியவர்கள்தானே? நேரலைகூட இல்லை. எடிட்டிங் டேபிளிலாவது ஒருவருக்கும் உறுத்தவில்லையா?

'அய்யய்யோ' என இழுக்கும் 'மதராஸி' கேரக்டர்களை இந்திப் படங்களில் பார்த்து நொந்த நமக்கு இந்த எரிச்சல் புரியும். ஆனால், வடகிழக்குப் பிள்ளைகளுக்கு அது திரையோடு நிற்பதில்லை. தெருவில் அவர்களைச் சீண்டும் வார்த்தைகளும் இதே 'மோமோ', 'சைனீஸ்'தான். 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகர் கடை ஒன்றில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கேலி செய்தார்கள். தகராறு முற்றியது, அடித்தார்கள். மறுநாள் அவர் உயிருடன் இல்லை.