இலையும் மாத்திரையும்

மார்கழி மாதத்து ஏகாதசி. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டிக் கரையை விட்டுப் பனி இன்னும் விலகவில்லை. எங்கள் பெரியம்மா விடியற்காலையிலேயே ஸ்நானம் செய்து, விளக்கேற்றி, அன்று முழுவதும் உபவாசம் என்று சங்கற்பமும் செய்துகொண்டுவிட்டாள். வயது 72. அன்றைய தினம் ஒரு பருக்கை அன்னம் அவள் நாவில் படாது. ஆனால் சர்க்கரை வியாதிக்கு உண்டான மாத்திரையை மட்டும் மறக்கவில்லை. "ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே, ஒரு வாய்த் தண்ணீரோடு அதை விழுங்கினாள். விரதத்திலும் சிரத்தை, வைத்தியத்திலும் சிரத்தை! இந்த இரண்டு சிரத்தைகளும் சேர்ந்துதான் அன்று அவளைக் கீழே தள்ளின.

பகல் பதினொரு மணி இருக்கும். கூடத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பேச்சுக் குழறியது. மார்கழிக் குளிரில் முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து, எப்பொழுதோ காலமாகிவிட்ட தன் தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்தாள். கூடிவிட்ட ஜனங்களில் ஒருவர், "அம்மன் அருள் வந்திருக்கிறது" என்றார். இன்னொருவர், "பாரிசவாயு, உடனே காலைத் தேய்த்து விடுங்கள்" என்றார். நல்ல வேளையாக, அடுத்த தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாள் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் கையைத் தொட்டுப் பார்த்து இரண்டே கேள்விகள்தாம் கேட்டார். "காலையில் என்ன சாப்பிட்டார்கள்? என்ன மாத்திரை போட்டுக்கொண்டார்கள்?"

மறு நிமிஷம் ஒரு தம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். கால் மணி நேரத்தில் பெரியம்மா கண்ணைத் திறந்து பார்த்து, என் சொந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். பிறகு, "விரதம் பங்கமாகிவிட்டதே!" என்று அழ ஆரம்பித்தாள். எங்களுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் நர்ஸ் அம்மாள் புறப்படவில்லை. "இந்த மாத்திரையின் வேகம் இன்னும் தணியவில்லை. மறுபடியும் இறங்கும். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்" என்று பிடிவாதமாகச் சொன்னார். தஞ்சாவூருக்குக் கொண்டு சென்றோம். அவர் சொன்னபடியே, மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போதே சர்க்கரை மீண்டும் இறங்கிற்று. வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நான் யோசிக்க விரும்புவதில்லை.

அன்று இரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான், நல்ல மாணாக்கனாக உட்கார்ந்து கேட்டேன்.

சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கும் மாத்திரைகளெல்லாம் ஒரே ஜாதி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. பெரியம்மா சாப்பிட்டது கிளிமெபிரைடு. கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு என்பவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை கணையத்தைத் தட்டியெழுப்பி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. வயிற்றில் சாதம் இருக்கிறதா, இல்லையா என்று இவை விசாரிப்பதில்லை. சாதம் வரும் என்று நம்பி வேலையைச் செய்துவிடுகின்றன. சாதம் வராவிட்டால், ரத்தத்தில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை குறைந்துகொண்டே போகிறது. மூளைக்கு முக்கிய ஆகாரம் அதுதான் அல்லவா? ஆகவே முதலில் கைநடுக்கம், வேர்வை, படபடப்பு. பிறகு குழறல், குழப்பம், மயக்கம்.

இந்த மருந்துக் குடும்பம் பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1942-ஆம் வருஷம், பிரான்ஸ் தேசத்தில் மாம்பெலியே நகரம். டைபாய்டு ஜுரக்காரர்களுக்கு ஒரு புதிய ஸல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜுரத்துக்காகக் கொடுத்த மருந்தினால் சிலருக்கு வலிப்பும் மயக்கமும் கண்டன. ழான்போன் என்ற டாக்டர் இதைக் கவனித்தார். சர்க்கரை இறங்குவதே காரணம் என்பதை அவருடைய சகாவான லூபாத்தியேர் ஆராய்ந்து காட்டினார். ஒருவருக்கு அபாயமாக வந்தது, அளவறிந்து கொடுத்தபோது மற்றொருவருக்கு ஔஷதமாயிற்று. ஆயினும் பிறவிக் குணம் போகவில்லை. சாப்பிடாதவரைக் கண்டால் அது இன்றும் தன் பழைய வேலையைக் காட்டுகிறது.

மெட்பார்மின் வேறு ஜாதி. 1957-இல் பாரிஸ் நகரத்து டாக்டர் ழான் ஸ்டெர்ன் இதைச் சர்க்கரை வியாதிக்கு உபயோகித்து முடிவுகளை வெளியிட்டார். கல்லீரல் அளவு மீறிச் சர்க்கரையை வெளிவிடாமல் இது தடுக்கிறது. தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்குவது அபூர்வம். வயிற்றைக் கலக்கும் குணம் உண்டு. ஆகையால் சாப்பாட்டோடு சேர்த்தும், சிறிய அளவில் ஆரம்பித்தும் கொடுக்கிறார்கள். வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும் நாளில் இதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் சோர்ந்திருக்கும்போது இது வெளியேறாமல் தங்கிவிடக்கூடும். வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 என்ற வைட்டமின் குறைவதும் உண்டு. கால் மரத்துப்போவதையெல்லாம் 'சர்க்கரையின் வேலை' என்று விட்டுவிடாமல் பரீட்சை செய்துகொள்வது நல்லது. டாபாகிளிபிளோசின் போன்ற புது மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரின் வழியே வெளியேற்றுகின்றன. முழு உபவாசத்திலும் கடும் வாந்தியிலும் இவற்றைச் சாப்பிட்டால் ரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் இருக்கிறது. அப்போது சர்க்கரைக் கணக்கு மிதமாகவே இருந்து நம்மை ஏமாற்றவும் கூடும்.

இத்தனையும் கேட்ட பிறகு வீட்டுக்கு வந்து, பெரியம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். பழைய பிஸ்கோத்துப் பெட்டி அது. அதிலே இருந்தது மருந்துக் கடையின் கிளை ஒன்று! ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டை ஒன்று. சென்னையிலிருக்கும் அண்ணா போன மாதம் வந்தபோது, அங்கே ஒரு பெரிய டாக்டரைக் கேட்டு வாங்கி வந்த அட்டை மற்றொன்று. வர்ணம் வேறு, கம்பெனிப் பெயர் வேறு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் பொடி எழுத்தைப் படித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. இரண்டிலும் இருந்தது அதே கிளிமெபிரைடு. அதோடு மெட்பார்மினும் கலந்தது. பெரியம்மா சில நாளாக இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறாள். "இரண்டு டாக்டர் கொடுத்தது, இரண்டு மருந்து" என்பது அவள் கணக்கு. அவளை எப்படிக் குற்றம் சொல்வது? பட்டதாரியான நானே அதற்கு முன் ஒரு நாளாவது அந்தப் பொடி எழுத்தைப் படித்ததுண்டா?

பெட்டியின் அடியில் ஒரு பொட்டலம் சூரணமும் கிடந்தது. 'சர்க்கரையை வேரோடு ஒழிப்பது' என்று யாரோ கொடுத்ததாம். அதில் என்ன இருக்கிறதென்று கொடுத்தவருக்கும் தெரியாது. மூலிகையின் பேரில் எனக்கு விரோதமில்லை. பெயர் தெரியாத பொட்டலத்தின் பேரில்தான் விரோதம். 2008-ஆம் வருஷம் சிங்கப்பூரில், சட்ட விரோதமாக விற்ற வீரிய மருந்துகளைத் தின்று 150 பேர் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். நாலு பேர் பிழைக்கவில்லை. சோதித்துப் பார்த்தால், அவற்றில் சொல்லாமல் கலந்திருந்தது கிளிபென்கிளமைடு!

இனி, கொலஸ்டிரால் மாத்திரை. இதன் பெருமை சப்தம் செய்யாமல் உழைப்பது. இதற்கு வந்த ஆபத்தும் அதுவே. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் உடம்பு சொல்லிவிடும். ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தினால் உடம்பு ஒன்றுமே சொல்லாது. என் நண்பர் ஒருவர் ரத்தப் பரீட்சையில் கொழுப்பு சரியான அளவுக்கு வந்துவிட்டது என்று கண்டதும், காரியம் முடிந்ததென்று மாத்திரையைத் தூர எறிந்தார். அணை கட்டி வெள்ளம் நின்றதென்று அணையை இடிப்பது போன்றதுதான் இது. கல்லணைக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது! நம் உடம்பிலுள்ள கொலஸ்டிராலில் பெரும் பகுதி சாப்பாட்டில் வருவதல்ல, உடம்பே உண்டாக்குவது. மாத்திரையை நிறுத்தியதும் உற்பத்தி பழையபடி நடக்கிறது.

"இங்கிலீஷ் மருந்தெல்லாம் ரசாயனம்" என்று சொல்லும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. மெட்பார்மினின் வம்சாவளியைத் தேடிக்கொண்டு போனால், ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்துக்கு உதவிய கலேகா என்னும் செடியில் போய் நிற்கிறது. ஸ்டாட்டினின் கதை இன்னும் அதிசயம். நெல் விளையும் நம் சீமைக்கு அது மிகவும் நெருங்கியது. ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் 1933-இல் பிறந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைக் காளான் பூஞ்சைகளில் தேடினார். ஏறக்குறைய 6,000 வகைகளைச் சோதித்தார். கடைசியில் 1973-இல் அவர் தேடியதைக் கொடுத்தது, கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் பூத்திருந்த நீலப் பூஞ்சை! அந்த வகையில் முதல் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1987-இல். இருதய நோயாளிகள் 4,444 பேரைக் கொண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஐந்து வருஷத்துக்கு மேல் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1994-இல் வெளிவந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மரணம் நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்திருந்தது. எண்டோ 2024-இல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். செடியும் பூஞ்சையும் அப்படியே மருந்தாகிவிடவில்லை. எத்தனை மில்லிகிராம் என்று அளந்து அறிந்த பிறகே மருந்தாயின.

ஸ்டாட்டினால் தசை வலி வருவதாகப் பலர் சொல்கிறார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆராய்ச்சியில், இந்தக் காரணத்தால் மாத்திரையை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் உண்மை மாத்திரையும் சில மாதம் போலி மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்தால் வந்ததாகச் சொன்ன உபத்திரவத்தில் பத்தில் ஒன்பது பங்கு போலி மாத்திரையிலும் வந்ததாம்! இதைச் சொல்லி வலிக்கிறவரைப் பரிகசிக்க வேண்டாம். வலி கடுமையாகி, சிறுநீரும் கறுத்துப் போனால், அது அபூர்வமான ஆனால் மெய்யான அபாயம். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் ஓட வேண்டும். கிளாரித்ரோமைஸின் போன்ற சில கிருமிக்கொல்லி மருந்துகளும், பம்பளிமாஸின் தாயாதியான கிரேப் பழத்தின் ரசமும் சில ஸ்டாட்டின்களின் வேகத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். இருமலுக்குப் போகும் இடத்திலும் கொழுப்பு மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதனால்தான். கர்ப்பிணிகளும், குழந்தைப் பேற்றை எதிர்பார்ப்பவர்களும் அவசியம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையைச் சிறிது கூட்டும் என்பதும் மெய்யே. ஆயினும் இருதயத்துக்குக் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது என்பதால், நாற்பது வயது கடந்த நீரிழிவுக்காரர்களுக்கு இதையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

நம் தேசத்தில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆராய்ச்சி 2023-இல் கணக்குச் சொல்லிற்று. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தை ராஜ்ய சர்க்கார் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பது அதன் நோக்கம். இது சுதந்திர இந்தியா பெருமைப்படத் தக்க காரியம்தான். ஆனால் வாசல் வரைக்கும் வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகும் விதத்தை வீட்டிலுள்ளவர்கள்தாம் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் தொங்குகிறது. கம்பெனிப் பெயரல்ல, மருந்தின் பெயர், அளவு, வேளை, எதற்காக என்பது. எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் அதுவும் கூடவே போகும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, கால் மணி கழித்து மறு பரீட்சை என்றும் எழுதியிருக்கிறது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108. வாக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பொடியே வேண்டும். நடவு, அறுப்பு என்று வயலில் இறங்கி உழைக்கும் நாளிலும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால், எதிர்வீட்டு மிராசுதார் ஒரு பொட்டலம் குளுக்கோஸை மடியில் கட்டிக்கொண்டு போகிறார்.

அடுத்த ஏகாதசிக்கு ஒரு வாரம் முன்பே பெரியம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். விரதமே கூடாது என்பார் என்று பயந்துகொண்டுதான் அவள் வந்தாள். டாக்டர் பழைய மாத்திரை ஒன்றை அறவே நீக்கி, மற்றதன் அளவை மாற்றி, பாலும் பழமும் கொண்ட விரதத்துக்குச் சம்மதித்தார். அன்றைய தினம் மூன்று முறை விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. ரமலான் நோன்பு நோற்பவர்களுக்கும் மாதம் பிறக்குமுன்னரே இப்படி மருந்தின் வேளையை மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னார்.

துவாதசி பாரணையன்று காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் தயாராகிவிட்டன. நான் அவசரப்பட்டு மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோய் நீட்டினேன். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்திலே என்னத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறாயோ? முதலில் இலையைப் போடடா!" என்றாள்.